புதிய செயலிக்கு ஜாவாவைக் கொண்டுபோவது எப்படி: ரிஸ்க்-ஃபைவ் வழியாக ஒரு வழிகாட்டி

புதிய செயலிக் கட்டமைப்பு ஒன்று, அதாவது புதிய வகை ப்ராசசர், பிறந்தால் முதலில் அதற்கு ஒரு சி கம்பைலர் வரும், அப்புறம் லினக்ஸ் கெர்னல் வரும். அதோடு நின்றுவிட்டால் அந்தச் செயலி ஆய்வுக்கூடத்தைத் தாண்டாது. காஃப்கா, ஹடூப், எலாஸ்டிக்சர்ச், கசாண்ட்ரா என்று சர்வர்களில் ஓடும் பெரிய மென்பொருள்கள் பலவும் ஜாவாவின் மேல்தான் நிற்கின்றன. ஆகவே யாராவது உட்கார்ந்து ஜாவாவை அந்தச் செயலிக்குக் கொண்டுபோயாக வேண்டும். அந்த வேலையில் இறங்க நினைக்கும் புதியவருக்காக இதை எழுதுகிறேன். சி++ படிக்கத் தெரிந்தால் போதும், அசெம்பிளியைக் கண்டு மிரளாமல் இருந்தால் போதும். ஜாவா நிரலை ஓட்டும் மெய்நிகர் இயந்திரமான ஜேவிஎம்மின் உள்ளே எட்டிப் பார்த்த அனுபவம் தேவையில்லை.

எடுத்துக்காட்டாக, திறந்த கட்டளைத் தொகுப்பான ரிஸ்க்-ஃபைவ் கட்டமைப்பையே பிடித்துக்கொள்வோம். ஜாவாவின் திறந்த மூலத் திட்டமான ஓபன்ஜேடிகேயின் ஜேஇபி 422 (ஜேஇபி என்பது மாற்றத்துக்கான முன்மொழிவு) வழியாக, 2022 செப்டம்பரில் வந்த ஜேடிகே 19-இல், அதாவது ஜாவா உருவாக்கத் தொகுப்பின் 19-ஆம் பதிப்பில், லினக்ஸ் ரிஸ்க்-ஃபைவ் போர்ட் (அந்தச் செயலிக்கு ஏற்ப மாற்றிய வடிவம்) அதிகாரபூர்வமாகச் சேர்ந்தது. ஹுவாவே பொறியாளர்கள் முன்னின்று செய்த வேலை அது. மூலநிரல் முழுக்கத் திறந்து கிடக்கிறது, ஒவ்வொரு மாற்றத்தையும் அதன் வரலாற்றோடு படிக்கலாம். சென்னை ஐஐடியின் சக்தி செயலிகளும் இதே கட்டளைத் தொகுப்பில் எழுந்தவைதான் என்பதால் நம் ஊர் வாசகருக்கும் இது தூரத்துச் சங்கதி அல்ல.

எது நகர வேண்டும், எது நகர வேண்டாம்

ஜாவா கம்பைலரை போர்ட் செய்வது என்றால் பலர் மனதில் வருவது ஜாவா மூலநிரலை மாற்றித் தரும் ஜாவாசி. அதற்கு நீங்கள் செய்ய வேண்டியது ஏதுமில்லை. ஜாவாசி ஜாவாவிலேயே எழுதப்பட்டது. அது வெளியிடும் பைட்கோட் (ஜேவிஎம்முக்கான கட்டளைகள்) எந்தச் செயலியையும் சேர்ந்ததல்ல. ஜாவா நூலகங்களும் அப்படியே. அவற்றின் அடியில் இருக்கும் சி நிரல் உங்கள் ஜிசிசியோ க்ளாங்கோ ஒழுங்காக வேலை செய்தால் தானாகக் கம்பைல் ஆகிவிடும்.

மொத்த வேலையும் ஹாட்ஸ்பாட் என்ற ஜேவிஎம்முக்குள் இருக்கிறது. அதன் மூலநிரல் நான்கு பகுதியாகப் பிரிந்திருக்கும்: எல்லோருக்கும் பொதுவான பகுதி, இயங்குதளத்துக்கு உரிய பகுதி, செயலிக்கு உரிய பகுதி, இந்த இரண்டும் சந்திக்கும் பகுதி. பொதுப் பகுதியைத் தொடாமல் இருக்க எவ்வளவு முடியுமோ அவ்வளவு முயலுங்கள். கடைசி இரண்டில்தான் உங்கள் செயலியின் பெயரில் புதிய அடைவுகள் உருவாகும். ஓடும்போதே இயந்திர மொழிக்கு மாற்றும் சி1, சி2 என்ற இரண்டு ஜிட் கம்பைலர்களும் இங்கேதான் உங்கள் செயலியைச் சந்திக்கின்றன. போர்ட் செய்ய வேண்டிய கம்பைலர்கள் இவைதான்.

தொடங்கும் முன்

செயலியின் கட்டளைக் கையேடு, அதன் ஏபிஐ (ABI, சார்புகள் ஒன்றையொன்று அழைக்கும் மரபு) ஆவணம், ஜேவிஎம் விவரக்குறிப்பு மூன்றையும் திறந்தே வைத்திருங்கள். மூன்றாவதை யாரும் முழுக்கப் படிப்பதில்லை, அதில்தான் நேரம் வீணாகிறது. செயலி என்ன செய்கிறது என்பது முக்கியமில்லை, ஜாவா என்ன நடக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது என்பதே முக்கியம். இரண்டும் எங்கெங்கே விலகுகின்றன என்று கண்டுபிடித்து, விலகும் ஒவ்வொரு இடத்திலும் ஜாவாவின் பக்கம் நிற்பதுதான் போர்ட். மற்றதெல்லாம் தட்டச்சு வேலை.

அந்தச் செயலி பொருத்திய உண்மையான பலகை கையில் இல்லாவிட்டாலும் தொடங்கலாம். ஆர்மின் 64-பிட் வடிவத்துக்கு, அதாவது ஏஆர்ச்64-க்கு, ரெட் ஹாட் பொறியாளர்கள் போர்ட் எழுதத் தொடங்கியபோது அந்தச் செயலி கையில் கிடைக்கும் நிலை இல்லை. அவர்கள் ஒரு சிமுலேட்டரை எழுதி, எக்ஸ்86 கணினியில் ஓடும் ஜேவிஎம்முக்குள்ளேயே அதை இணைத்து, பிறந்த ஏஆர்ச்64 கட்டளைகளை அதில் ஓட்டிப் பார்த்தார்கள். அந்த போர்ட் 2017-இல் ஜேடிகே 9-இல் ஜேஇபி 237 ஆகச் சேர்ந்தது. இன்றைக்கு உங்களுக்கு அந்தச் சிரமம் இல்லை, வேறு செயலியைப் பாவனை செய்யும் க்யூஇஎம்யூ என்ற மென்பொருள் இருக்கிறது. ஆனால் க்யூஇஎம்யூ சில பிழைகளை மூடி மறைத்துவிடும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

பார்த்து எழுத ஒரு முன்மாதிரி போர்ட் வேண்டும். ரிஸ்க்-ஃபைவ் கோப்புகள் பலவற்றின் தலைப்பைத் திறந்து பாருங்கள், ரெட் ஹாட்டின் பதிப்புரிமை வரியும் ஹுவாவேயின் பதிப்புரிமை வரியும் அடுத்தடுத்து நிற்கும். ஏஆர்ச்64 போர்ட்டை அடித்தளமாக வைத்து எழுதியதன் அடையாளம் அது. உங்கள் செயலியும் ரிஜிஸ்டர் நிறைய உள்ள, லோட்-ஸ்டோர் வகைச் செயலி (கணக்கெல்லாம் ரிஜிஸ்டரில் மட்டும் நடப்பது) என்றால் ஏஆர்ச்64 அல்லது ரிஸ்க்-ஃபைவ் போர்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்86-ஐப் பார்த்து எழுத வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அதில் செயலியே இலவசமாகத் தரும் சலுகைகள் அதிகம், எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதே அங்கே கண்ணுக்குத் தெரியாது.

முதல் படி: ஜீரோ

ஹாட்ஸ்பாட்டில் ஜீரோ என்று ஒரு வகை உண்டு. ரெட் ஹாட்டின் கேரி பென்சன் தொடங்கியது. அசெம்பிளி ஏறக்குறைய இல்லவே இல்லை என்பதால் அந்தப் பெயர். பைட்கோடை ஒவ்வொன்றாகப் படித்து ஓட்டும், முழுக்க சி++-இல் எழுதிய இன்டர்பிரட்டர், நேட்டிவ் அழைப்புகளுக்கு (சி போன்ற மொழியில் எழுதிய சார்புகளை அழைக்க) லிப்எஃப்எஃப்ஐ நூலகம், அவ்வளவுதான். மெதுவாக ஓடும். ஆனால் ஓடும்.

இதைத் தாண்டிக் குதித்து நேராக ஜிட் கம்பைலருக்குப் போக ஆசை வரும். போகாதீர்கள். ஜீரோவை எழுப்பும்போதுதான் பில்ட் அமைப்புக்கு உங்கள் செயலியை அறிமுகப்படுத்துகிறீர்கள்: ஆட்டோகான்ஃப் அடைவில் இருக்கும் பிளாட்ஃபார்ம் கோப்பில் செயலியின் பெயர், 32 பிட்டா 64 பிட்டா, பைட் வரிசை எந்தப் பக்கம் என்று சேர்க்க வேண்டும். லினக்ஸ் பகுதியில் எல்ஃப் (லினக்ஸின் இயங்கு கோப்பு வடிவம்) கோப்பின் இயந்திர எண்ணைச் சொல்லும் அட்டவணை இருக்கும், ரிஸ்க்-ஃபைவுக்கு அது 243. நேட்டிவ் நூலகத்தை ஏற்ற முடியாமல் போனால், காரணத்தைச் சரியாகச் சொல்ல ஜேவிஎம் இந்த அட்டவணையைத்தான் பார்க்கும்.

பில்டை உங்கள் சாதாரணக் கணினியிலிருந்தே கிராஸ்-கம்பைல் முறையில் செய்யுங்கள். அதற்கு மூன்று பொருள் தேவை. பூட் ஜேடிகே, அதாவது பில்ட் செய்யும் கணினியில் ஓடும், ஒரு பதிப்பு முந்தைய ஜேடிகே. உங்கள் செயலிக்கான கிராஸ் ஜிசிசி. அந்தச் செயலிக்கான நூலகங்களும் தலைப்புக் கோப்புகளும் அடங்கிய சிஸ்ரூட் அடைவு. ஜாவாவைக் கட்ட ஜாவா வேண்டும் என்ற முட்டை-கோழிச் சிக்கல் பூட் ஜேடிகேயால் தீர்ந்துபோகிறது. அப்புறம் கான்ஃபிகர் கட்டளையில் இலக்குச் செயலியையும் ஜேவிஎம் வகை ஜீரோ என்பதையும் சொல்லிவிட்டு மேக் கொடுத்தால் சரி. பிழைதேடும் காலம் முழுக்க ஸ்லோடீபக் வகையிலேயே கட்டுங்கள். அதில் ஆயிரக்கணக்கான அசர்ட் சோதனைகள் விழித்திருக்கும், உங்கள் தவறு நடந்த இடத்துக்குப் பக்கத்திலேயே ஜேவிஎம் நின்றுவிடும்.

ஜீரோ உங்கள் செயலியில் தன் பதிப்பு எண்ணைச் சொன்ன நாளில் வேலையின் ஒரு பகுதி உண்மையாகவே முடிந்தது. இனி எந்தப் பிழை வந்தாலும் அதே நிரலை ஜீரோவில் ஓட்டிப் பார்த்து, குற்றம் உங்கள் அசெம்பிளியிலா நூலகத்திலா என்று பிரித்துவிடலாம்.

இரண்டாம் படி: ரிஜிஸ்டர்களைப் பங்கு போடுவது

இனி அசெம்பிளர். செயலியின் ஒவ்வொரு கட்டளைக்கும் அதன் பிட்களை அடுக்கி நினைவகத்தில் எழுதும் ஒரு சி++ சார்பு. சலிப்பூட்டும் வேலைதான், ஆனால் இங்கே ஒரு பிட் தவறினால் பல மாதம் கழித்து எங்கோ வெடிக்கும். ஒவ்வொரு கட்டளையையும் ஜிஎன்யூ அசெம்பிளர் தரும் பிட்களோடு ஒப்பிடும் சோதனையை முதல் நாளே எழுதிவிடுங்கள். ஏஆர்ச்64 போர்ட்டில் இதற்கென்றே ஒரு பைத்தான் நிரல் இருக்கிறது.

அதற்குப் பிறகு எந்த ரிஜிஸ்டர் யாருக்கு என்று முடிவு செய்ய வேண்டும். ரிஸ்க்-ஃபைவில் 32 முழுஎண் ரிஜிஸ்டர்கள். பூஜ்யமாவது ரிஜிஸ்டர் எப்போதும் 0, அடுத்த நான்கும் திரும்பும் முகவரி, ஸ்டாக், குளோபல், த்ரெட் சுட்டிகளுக்குப் போய்விடுகின்றன. மீதியில் ஹாட்ஸ்பாட் தன் பங்கை எடுக்கிறது: 23-ஆம் ரிஜிஸ்டர் இப்போது ஓடும் ஜாவா த்ரெட்டைச் சுட்டும், 22 இன்டர்பிரட்டர் படித்துக்கொண்டிருக்கும் பைட்கோடைச் சுட்டும், 27 சுருக்கிய ஆப்ஜெக்ட் சுட்டிகளுக்கு அடிப்படை முகவரி. இவற்றை சி ஏபிஐயில் அழைக்கப்படுபவர் காப்பாற்ற வேண்டிய வகையிலிருந்து எடுத்ததைக் கவனியுங்கள். ஜேவிஎம் உள்ளே சி++ சார்பு ஒன்றை அழைத்துவிட்டுத் திரும்பும்போது அவை கலையாமல் இருக்கும்.

ஒரு நுணுக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஜாவா மெத்தட்கள் தங்களுக்குள் அழைத்துக்கொள்ளும்போது அளவுருக்களை வைக்கும் ரிஜிஸ்டர்கள் சி மரபிலிருந்து ஓர் இடம் தள்ளியிருக்கும். ஜாவாவின் முதல் அளவுரு சியின் இரண்டாம் அளவுரு ரிஜிஸ்டரில் உட்காரும். காரணம் ஜேஎன்ஐ, அதாவது ஜாவாவும் நேட்டிவ் நிரலும் பேசிக்கொள்ளும் இடைமுகம். நேட்டிவ் சார்பு எதுவானாலும் முதல் அளவுரு ஜேஎன்ஐ சூழல் சுட்டி. ஆகவே ஜாவாவிலிருந்து நேட்டிவுக்குத் தாண்டும்போது மற்ற அளவுருக்களை நகர்த்தாமல், காலியாக இருக்கும் முதல் இடத்தில் அந்தச் சுட்டியைச் செருகினால் பெரும்பாலும் முடிந்தது. புதிய செயலிக்கும் இதையே பின்பற்றுங்கள்.

ஃபிரேம் (ஒரு அழைப்புக்கு ஸ்டாக்கில் ஒதுக்கும் இடம்) அமைப்பில் மட்டும் முன்மாதிரியை அப்படியே நகலெடுக்காதீர்கள். ஏஆர்ச்64-இல் ஃபிரேம் சுட்டி நிற்கும் இடத்திலேயே பழைய ஃபிரேம் சுட்டி இருக்கும், அதற்கு மேல் திரும்பும் முகவரி. ரிஸ்க்-ஃபைவ் மரபில் ஃபிரேம் சுட்டி அந்த இரண்டுக்கும் மேலே நிற்கும். அதற்குக் கீழே 8 பைட்டில் திரும்பும் முகவரி, 16 பைட்டில் பழைய சுட்டி. ஹாட்ஸ்பாட் ஸ்டாக்கை ஏறிப் படிக்காமல் ஒரு நொடியும் வாழாது. எக்ஸெப்ஷன், குப்பை சேகரிப்பு, டிஆப்டிமைசேஷன் (கம்பைல் ஆன நிரலை விட்டு இன்டர்பிரட்டருக்குத் திரும்புவது) மூன்றுக்கும் அது வேண்டும். இந்த இரண்டு எண்கள் தவறினால் மூன்றும் உடையும்.

மூன்றாம் படி: டெம்ப்ளேட் இன்டர்பிரட்டர்

ஹாட்ஸ்பாட்டின் இயல்பான இன்டர்பிரட்டர் சி++-இல் எழுதியதல்ல. ஜேவிஎம் எழும்போதே ஏறத்தாழ 200 பைட்கோடுகளுக்கும் தனித்தனி இயந்திர நிரல் துண்டுகளை உருவாக்கி நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. அந்தத் துண்டுகளை எழுதுவது உங்கள் வேலை.

இரண்டு முழுஎண்களைக் கூட்டும் ஐஏட் பைட்கோடைப் பாருங்கள். ஸ்டாக்கின் உச்சி மதிப்பு நினைவகத்தில் இல்லை, 10-ஆம் ரிஜிஸ்டரிலேயே இருக்கிறது. அடுத்ததை ஸ்டாக்கிலிருந்து 11-ஆம் ரிஜிஸ்டருக்கு எடு. இரண்டையும் 32-பிட் கூட்டல் கட்டளையால் கூட்டி 10-இல் வை. அடுத்த பைட்கோடின் பைட்டைப் படி, அதை எண்ணாகக் கொண்டு அட்டவணையில் முகவரி எடு, அங்கே தாவு. அவ்வளவுதான் ஒரு பைட்கோட். கூட்டலில் எண் வழிந்தால் ஜாவா சுற்றி வரச் சொல்கிறது, செயலியும் சுற்றி வருகிறது. ஒத்துப்போகிறார்கள்.

வகுத்தலில் அந்த ஒற்றுமை முடிகிறது. பூஜ்யத்தால் வகுத்தால் எக்ஸ்86 செயலி தானே அலறி சிக்னல் அனுப்பும், ஜேவிஎம் அதைப் பிடித்து அரித்மெட்டிக் எக்ஸெப்ஷனாக மாற்றிக்கொள்ளும். ரிஸ்க்-ஃபைவ் அலறாது. ஈவாக -1 தந்துவிட்டு அடுத்த கட்டளைக்குப் போய்விடும். நீங்கள் சோதனையை மறந்தால் ஜாவா நிரல் எந்தப் புகாரும் இல்லாமல் தவறான எண்ணோடு ஓடிக்கொண்டே இருக்கும். எனவே வகுத்தலுக்கு முன் வகுக்கும் எண் பூஜ்யமா என்று கேட்கும் கட்டளை ஒன்றை நாமே வைக்க வேண்டும். மறுபுறம், மிகச்சிறிய எதிர்ம எண்ணை -1-ஆல் வகுத்தால் எக்ஸ்86 அதற்கும் அலறும், அங்கே தனிக் கவனம் தேவை. ரிஸ்க்-ஃபைவ் ஜாவா கேட்கும் விடையையே தந்துவிடுகிறது, நாம் எதுவும் செய்ய வேண்டாம்.

தசம எண்ணை முழுஎண்ணாக மாற்றுவது இன்னும் நல்ல பாடம். எண்ணே அல்லாத NaN மதிப்பை மாற்றினால் 0 வர வேண்டும், எல்லை மீறினால் அந்தப் பக்கத்து எல்லை எண் வர வேண்டும் என்கிறது ஜாவா. ஏஆர்ச்64-இன் கட்டளை அப்படியே செய்கிறது, ஆகவே அந்த போர்ட்டில் ஒரே கட்டளை. ரிஸ்க்-ஃபைவ் எல்லை விஷயத்தில் ஜாவாவோடு ஒத்துப்போகிறது, ஆனால் NaN மதிப்புக்கு மிகப்பெரிய நேர்ம எண்ணைத் தருகிறது. எக்ஸ்86 இவை எல்லாவற்றுக்கும் ஒரே மிகச்சிறிய எதிர்ம எண்ணைத் தருகிறது. மூன்று செயலி, மூன்று பழக்கம். ஏஆர்ச்64 கோப்பை வரிக்கு வரி பெயர்த்தவருக்கு இங்கே ஒரு சோதனை விட்டுப்போயிருக்கும், அது சாதாரண நிரல்களில் வெளியே தெரியவே தெரியாது. இப்படி ஜாவாவும் செயலியும் விலகும் இடங்களைத் தனித் தாளில் குறித்துக்கொண்டே வாருங்கள். பின்னால் சி1, சி2 எழுதும்போது இதே பட்டியலை மறுபடியும் இரண்டு முறை கடக்க வேண்டியிருக்கும்.

குப்பை சேகரிப்பில் முதலில் சீரியல் வகையை மட்டும் எழுப்புங்கள். அதற்குத் தேவையான பாரியர் (சுட்டி எழுதும்போது கூடவே ஓடும் சிறு நிரல்) மிக எளிது: ஒரு ஆப்ஜெக்டில் சுட்டி எழுதியதும், அதன் முகவரியை 9 பிட் வலப்பக்கம் தள்ளி, அட்டவணையில் அந்த இடத்தில் ஒரு பூஜ்ய பைட் எழுதினால் போதும். 512 பைட்டுக்கு ஒரு அட்டை என்பது அதன் கணக்கு. ஜி1, ஷெனண்டோவா, இசட்ஜிசி என்ற மற்றச் சேகரிப்பு வகைகள் எல்லாம் நிற்கக் கற்ற பிறகு.

முதல் இலக்கு ஜாவாவின் பதிப்பு எண்ணை அச்சிட வைப்பது. சின்னக் காரியம் போலத் தோன்றும், ஆனால் அதற்குள் பல்லாயிரக்கணக்கான பைட்கோடுகள் ஓடிவிடும். ஜேவிஎம்மைத் தொடங்கும்போது கொடுக்கும் ட்ரேஸ்பைட்கோட்ஸ் தேர்வைப் போட்டு, ஓடும் ஒவ்வொரு பைட்கோடையும் அச்சிடச் செய்யுங்கள். அதே நிரலை ஒழுங்காக ஓடும் இன்னொரு செயலியிலும் அச்சிடச் செய்து, இரண்டும் எந்த வரியில் பிரிகின்றன என்று பாருங்கள். எத்தனையாவது பைட்கோடில் நிற்க வேண்டும் என்று சொல்லவும் ஒரு தேர்வு உண்டு. பிழைதேடுவதற்கு இதைவிட நல்ல வழியை நான் பார்த்ததில்லை.

நினைவக வரிசை

போர்ட்டில் ஆகக் கடினமான பகுதி எது என்று கேட்டால் பலர் சி2 என்பார்கள். நான் இதைச் சொல்வேன்.

2004-இல் ஜாவா 5 வந்தபோது ஜேஎஸ்ஆர் 133 என்ற வரையறை வழியாக ஜாவாவுக்குத் திருத்தமான நினைவக மாதிரி கிடைத்தது. ஒரு த்ரெட், வாலடைல் என்று அறிவித்த புலத்தில் எழுதியதை இன்னொரு த்ரெட் படித்தால், அதற்கு முன் முதல் த்ரெட் எழுதிய எல்லாமும் இரண்டாவதற்குத் தெரிந்தாக வேண்டும். எக்ஸ்86 செயலி நினைவகத்தில் எழுதுபவற்றைப் பெரும்பாலும் வரிசை மாறாமல் மற்றவர்களுக்குக் காட்டுவதால் அங்கே இது மலிவு. ரிஸ்க்-ஃபைவ் தளர்ந்த வரிசை கொண்டது. நீங்கள் ஃபென்ஸ் கட்டளை வைத்துத் தடுக்காவிட்டால் படிப்பும் எழுத்தும் இடம் மாறும்.

வாலடைல் படிப்புக்குப் பின்னால் ஒரு ஃபென்ஸ்: இந்தப் படிப்பு முடியாமல் பின்வரும் படிப்போ எழுத்தோ முன்னேறக் கூடாது. வாலடைல் எழுத்துக்கு முன்னால் ஒன்று, முந்தைய எல்லாம் முடிந்த பிறகே இந்த எழுத்து. எழுத்துக்குப் பின்னால் இன்னொன்று, இந்த எழுத்து வெளியே தெரிந்த பிறகே அடுத்த படிப்பு. கடைசியில் சொன்னதுதான் விலை அதிகம், அதை மட்டும் விட்டுவிடலாமே என்று தோன்றும். விடக் கூடாது.

ஒப்பிட்டு மாற்றும் அணுச் செயல், அதாவது சிஏஎஸ், ரிஸ்க்-ஃபைவின் அடிப்படை அணு விரிவாக்கத்தில் ஒரே கட்டளையாக இல்லை. எல்ஆர் (முன்பதிவோடு படி), எஸ்சி (முன்பதிவு கலையாவிட்டால் எழுது) என்ற இணையால் சுற்று ஒன்றை எழுத வேண்டும். அதுவும் 32 அல்லது 64 பிட்டுக்கு மட்டும். ஜாவாவோ ஒரே ஒரு பைட்டிலும் சிஏஎஸ் கேட்கும். அதற்கு அந்த பைட் அடங்கிய 32-பிட் சொல்லை எடுத்து, மறைப்பு போட்டு, நமக்குரிய 8 பிட்டை மட்டும் மாற்றித் திருப்பி எழுத வேண்டும். ரிஸ்க்-ஃபைவ் போர்ட்டின் மேக்ரோ அசெம்பிளரில் இதற்கென ஒரு சார்பு இருக்கிறது, நிதானமாக உட்கார்ந்து படிக்க வேண்டிய பக்கம் அது.

க்யூஇஎம்யூ மறைக்கும் பிழை என்று முன்பு சொன்னது இங்கேதான். எக்ஸ்86 கணினியில் ஓடும் க்யூஇஎம்யூவில் உங்கள் படிப்பும் எழுத்தும் கடைசியில் எக்ஸ்86-இன் கட்டளைகளாகவே நடக்கின்றன. அதன் கட்டுப்பாடான வரிசை உங்களுக்கும் கிடைத்துவிடுகிறது, விட்டுப்போன ஃபென்ஸ் வெளியே தெரியாது. பல கோர் கொண்ட உண்மையான பலகையில் ஜேசிஸ்ட்ரெஸ் சோதனைத் தொகுப்பை இரவு முழுக்க ஓட்டினால்தான் தெரியும். பலகை வாங்கக் காசு ஒதுக்குவதானால் கோர் எண்ணிக்கையைப் பார்த்து வாங்குங்கள், வேகத்தைப் பார்த்து அல்ல.

சிக்னலும் ஓடும் நிரலைத் திருத்துவதும்

ஜாவாவில் நல் (null) சுட்டியை, அதாவது எதையும் சுட்டாத சுட்டியை, தொட்டால் எக்ஸெப்ஷன் வர வேண்டும். ஒவ்வொரு முறையும் அது null தானா என்று சோதித்தால் வேகம் போய்விடும். ஆகவே ஹாட்ஸ்பாட் சோதிக்காமலே தொடுகிறது. தவறினால் கெர்னல் அனுப்பும் சிக்னலைப் பிடித்து, எந்தக் கட்டளையில் நடந்தது என்று பார்த்து, எக்ஸெப்ஷன் நிரலுக்குத் திருப்பி விடுகிறது. சிக்னல் சூழலிலிருந்து நிரல் சுட்டியை எடுப்பதும் மாற்றுவதும் இயங்குதளமும் செயலியும் சந்திக்கும் அடைவில் நீங்கள் எழுத வேண்டியவை. அளவில் சிறியது, சீக்கிரம் முடிந்துவிடும்.

ஓடும் நிரலைத் திருத்துவது அப்படி அல்ல. ஒரு மெத்தட் முதலில் இன்டர்பிரட்டரில் ஓடி, பிறகு சி1, பிறகு சி2 என்று மாறும்போது அதை அழைக்கும் இடங்களின் முகவரி மாறுகிறது. மற்ற த்ரெட்கள் அதே இடத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போதே மாறுகிறது. ரிஸ்க்-ஃபைவில் நேரடி அழைப்புக் கட்டளை இரு பக்கமும் 1 எம்பி தூரம் மட்டுமே எட்டும், ஜேவிஎம்மின் கோட் கேஷ் (கம்பைல் ஆன நிரல் இருக்கும் நினைவகம்) இயல்பாக 240 எம்பி. தூரத்து முகவரியை ரிஜிஸ்டரில் ஏற்ற ஆறு கட்டளைகள் வரை ஆகும். ஆறு கட்டளைகளை ஒரே அடியில் மாற்ற முடியாது, பாதி மாறிய நிலையில் இன்னொரு த்ரெட் வந்து விழும்.

தீர்வு: முகவரியைக் கட்டளைகளுக்குள் புதைக்காதீர்கள். பக்கத்தில் 8 பைட் எல்லையில் சரியாக அமர்ந்த தரவாக வையுங்கள், அழைக்கும் நிரல் அதைப் படித்துத் தாவட்டும். அந்த 8 பைட்டை ஒரே எழுத்தில் மாற்றிவிடலாம். 2 பைட் அளவுக்குச் சுருக்கிய கட்டளைகள் இருக்கும் செயலி என்றால் இன்னொரு கவனமும் வேண்டும்: பின்னால் திருத்தப்படும் இடங்களில் அசெம்பிளர் தானாகச் சுருக்காதபடி தடுக்க வேண்டும். ரிஸ்க்-ஃபைவ் போர்ட் அப்படிப்பட்ட இடங்களைத் தனியாகக் குறித்து வைக்கிறது.

நிரலை எழுதிய பின் கட்டளைக் கேஷைப் புதுப்பிக்கவும் வேண்டும். ரிஸ்க்-ஃபைவின் ஃபென்ஸ்-ஐ கட்டளை அதை ஓட்டும் கோருக்கு மட்டும்தான் பொருந்தும். மற்ற கோர்களுக்கும் சேர வேண்டுமானால் கெர்னலிடம் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

நான்காம் படி: சி1, அப்புறம் சி2

இன்டர்பிரட்டரை மட்டும் ஓட்டும் தேர்வில் சோதனைகள் வெற்றி பெறும்வரை இங்கே வராதீர்கள்.

சி1 எளிய கம்பைலர். அதன் இடைநிலை வடிவத்தின் ஒவ்வொரு செயலுக்கும் உங்கள் அசெம்பிளரை அழைக்கும் நிரல் எழுத வேண்டும். ரிஸ்க்-ஃபைவ் இங்கே ஒரு சுவாரசியமான மோதலைச் சந்தித்தது. சி1 முதலில் ஒப்பிடு, பிறகு நிபந்தனையோடு தாவு என்று இரண்டு செயல்களாக நினைக்கும். இடையில் ஒப்பீட்டின் முடிவு செயலியின் கொடி ரிஜிஸ்டரில் காத்திருக்கும் என்பது அதன் நம்பிக்கை. ரிஸ்க்-ஃபைவில் கொடி ரிஜிஸ்டரே கிடையாது, ஒப்பிடுவதும் தாவுவதும் ஒரே கட்டளை. அதனால் இடைநிலை வடிவத்தில் தாவும் செயலே ஒப்பிட வேண்டிய இரு மதிப்புகளையும் தாங்கும்படி மாற்ற வேண்டியிருந்தது. நிபந்தனையோடு மதிப்பைத் தேர்ந்தெடுக்கும் செயலுக்கு நான்கு உள்ளீடுகள் தேவைப்பட்டன. பொதுப் பகுதியைத் தொடாதீர்கள் என்று சொன்னேன். உண்மையாகவே தொட வேண்டிய இடம் இப்படித்தான் இருக்கும்: குறை உங்கள் வசதியில் இல்லை, பொதுநிரல் செய்த ஓர் அனுமானத்தில் இருக்கும்.

சி2-க்கு நிரல் எழுதுவதைவிட விவரிப்பதுதான் அதிகம். கட்டமைப்பு விவரணைக் கோப்பு ஒன்று இருக்கும். எந்த ரிஜிஸ்டர்கள் உண்டு, எந்த ரிஜிஸ்டரை யார் காப்பாற்றுவது, இந்த வடிவக் கணு (சி2-இன் உள் வரைபடத்தில் ஒரு செயல்) வந்தால் இந்தக் கட்டளை, அதன் செலவு இவ்வளவு என்று அதில் சொல்லிக்கொண்டே போக வேண்டும். பில்டின்போது ஏடிஎல்சி என்ற தனி நிரல் அதைப் படித்து சி++ ஆக மாற்றும். ரிஸ்க்-ஃபைவின் இந்தக் கோப்பு பத்தாயிரம் வரிக்குப் பக்கம். பயப்பட வேண்டாம், முதலில் கட்டாயமான கணுக்களுக்கு மட்டும் எழுதினால் சி2 ஓடும். தள்ளிக் கூட்டுவது போன்ற கூட்டுக் கட்டளைகளை அடையாளம் காணும் விதிகள் மெதுவாகச் சேரட்டும்.

வெக்டர் கட்டளைகளை (ஒரே கட்டளையில் பல எண்களைக் கையாள்பவை) கடைசிக்கு வையுங்கள். ரிஸ்க்-ஃபைவ் வெக்டர் விரிவாக்கத்தின் 1.0 பதிப்பும், சில பழைய சிப்களில் வந்த 0.7.1 பதிப்பும் ஒன்றுக்கொன்று பொருந்தாதவை. பலகையின் விளம்பரத்தில் வெக்டர் என்று இருப்பதை மட்டும் நம்பித் தொடங்கிவிட வேண்டாம்.

சோதனை

முதலில் ஹாட்ஸ்பாட்டின் சி++ அலகுச் சோதனைகள், அப்புறம் ஜேடிரெக் என்ற சோதனைக் கருவி வழியாக டயர் 1 என்ற அடிப்படைச் சோதனைத் தொகுதி. டயர் 1 முழுக்க நிறைவேறுவதே பெரிய மைல்கல். அதை இன்டர்பிரட்டர் மட்டும், சி1 மட்டும், சி2 மட்டும், எல்லாம் சேர்ந்து என்று நான்கு விதமாக ஓட்டுங்கள். எல்லா மெத்தட்களையும் முதல் அழைப்பிலேயே கம்பைல் செய்யச் சொல்லும் எக்ஸ்காம்ப் தேர்வு மிக மெதுவாக ஓடும், ஆனால் வேறெங்கும் சிக்காத பிழைகள் அதில் சிக்கும்.

ஒரு சோதனை சி2-இல் மட்டும் தோற்றால், கம்பைல் ஆகும் மெத்தட்களின் பட்டியலைப் பாதிபாதியாக வெட்டிக்கொண்டே போய்க் குற்றவாளி மெத்தட் ஒன்றைப் பிடியுங்கள். கம்பைல்ஒன்லி தேர்வு அதற்குத்தான். பிடித்ததும் எச்எஸ்டிஸ் என்ற பிரித்துக்காட்டியை இணைத்து அந்த மெத்தடின் அசெம்பிளியை அச்சிட்டு வரிவரியாகப் படியுங்கள். பெரும்பாலும் நீங்கள் தனித் தாளில் குறித்து வைத்த விலகல்களில் ஒன்றுதான் அங்கே நிற்கும்.

ஜாவா என்ற தரத்துக்கு இணக்கமானது என்று சொல்லிக்கொள்ள வேண்டுமானால் ஜேசிகே என்ற இணக்கச் சோதனைத் தொகுப்பையும் கடக்க வேண்டும். ஓபன்ஜேடிகேவில் வேலை செய்பவர்களுக்கு அதைப் பெறத் தனி உரிம ஒப்பந்தம் உண்டு.

ஐந்தாம் படி: மூலத்தில் சேர்த்து, கூடவே இருப்பது

போர்ட் ஓடுகிறது என்றால் ஜேஇபி எழுதி மூலத்தில் சேர்க்க முயலுங்கள். தனிக்கிளையில் வைத்திருப்பது எளிது என்று தோன்றும், ஆனால் ஹாட்ஸ்பாட்டின் பொதுப்பகுதி தினமும் மாறுகிறது, ஆறு மாதத்துக்கு ஒரு புதிய பதிப்பு வருகிறது. சேரும்போது ஓபன்ஜேடிகே சமூகம் பார்க்கும் முக்கியமான விஷயம், இதை யார் பராமரிப்பார்கள் என்பது. வேகம் அதற்குப் பிறகுதான்.

அந்தக் கேள்விக்குக் காரணம் இருக்கிறது. ஜேடிகே 19-இல் விர்ச்சுவல் த்ரெட்கள் (ஜேவிஎம்மே நிர்வகிக்கும் இலகுவான த்ரெட்கள்) முன்னோட்டமாக வந்தபோது எக்ஸ்86-64, ஏஆர்ச்64 இரண்டில்தான் முழுமையாக ஓடின. ஸ்டாக் ஃபிரேம்களை உறைய வைத்து எடுத்து வேறு நேரத்தில் திரும்ப வைக்கும் அந்த நிரலை ஒவ்வொரு செயலிக்கும் தனியாக எழுத வேண்டியிருந்தது. ரிஸ்க்-ஃபைவ் குழு பின்னர் அதை எழுதிச் சேர்த்தது. எழுத ஆள் இல்லாத போர்ட் மெல்ல வெளியேறும். ஒரு காலத்தில் சன் நிறுவனத்தின் சொந்தச் செயலியான ஸ்பார்க், ஜாவா பிறந்த வீட்டின் செயலி, ஜேடிகே 15-இல் ஜேஇபி 381 வழியாக நீக்கப்பட்டது. 32-பிட் எக்ஸ்86 போர்ட் ஜேடிகே 25-இல் போனது.

ஆகவே சேர்த்த மறுநாளே தானியங்கி பில்ட் ஒன்றை அமைத்துவிடுங்கள். பொதுப்பகுதியில் வரும் ஒவ்வொரு மாற்றமும் உங்கள் செயலிக்குக் கிராஸ்-கம்பைல் ஆகிறதா என்று அது தினமும் பார்க்கட்டும், வாரத்துக்கு ஒரு முறையாவது உண்மையான பலகையில் டயர் 1 ஓடட்டும். உடைந்தது தெரிந்த அன்றே சரிசெய்தால் மாற வேண்டியது பெரும்பாலும் சில வரிகள்தான் இருக்கும், மாற்றிய பொறியாளரும் எதற்காக மாற்றினோம் என்பதை மறந்திருக்க மாட்டார்.